மாமனுக்கு ஆகாதவனின் அழுகை

என் சேகர் அண்ணே,

கடிதம் போய்ச் சேராத இடத்துக்குப் போய்விட்டாய். தெரிந்தும் எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாதவரை எனக்கு எதுவும் நடந்ததாகவே தோன்றாது. பள்ளியில் பிரம்படி வாங்கிய அன்றும், சிரம்பான் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்த அன்றும், பிள்ளை உண்டாகியிருக்கிறேன் என்று உறுதியான அன்றும் முதல் செய்தி உனக்குத்தான். உன் மாப்பிள்ளைக்கு இரண்டாவது இடம். அதற்காக அவர் இன்றுவரை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போதும் ஏதாவது நடந்தால் கைப்பேசியில் உன் பெயர்வரை விரல் போய்விடுகிறது. அப்புறம்தான் சுரீரென்கிறது. இத்தனை மாதமாகியும் அந்தச் சுரீர் குறையவில்லை. போகப் போகக் குறையும் என்கிறார்கள். யாருக்குக் குறைந்ததாம்?

முதலில் உன்னோடு சண்டை போட்டுவிடுகிறேன். நெஞ்சு வலிக்கிற மனிதன் தைலம் தேய்த்துக்கொண்டு லாரி ஓட்டப் போவானா? காலையில் அண்ணி கேட்டதற்கு, "நேத்து தின்னது சேரல, காத்து அடைச்சிருக்கு லா" என்றாயாம். வெந்நீர் ஒரு கோப்பை குடித்துவிட்டுச் செம்பனைக் குலை ஏற்றிய லாரியோடு எண்ணெய் ஆலைக்குக் கிளம்பினாயாம். அண்ணி சொல்லும்போது என்னால் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

ஆலையில் எடை மேடைக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றனவாம். உன் லாரி மட்டும் நகரவில்லை என்று பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்தாராம். உனக்கு ஹாரன் அடித்தால் பிடிக்காது. இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்காமல் விட மாட்டாய். அன்றைக்கு நீ இறங்கவில்லை. கை பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டிருந்தாய். அந்த நேரத்திலும் லாரி உருண்டு யார்மேலும் போய்விடக் கூடாது என்று நினைத்தவனுக்கு, தன்னைப் பற்றி நினைக்கத் தோன்றவில்லை. உனக்கு நாற்பதுகூட ஆகவில்லை, அண்ணே.

செய்தி வந்தபோது கவின் என் மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தான். பிறந்து சில வாரம்தான். உன் மாப்பிள்ளை வேலைக்குப் போன வழியில் சிரம்பான் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிட்டு, "புவனா, உக்காந்திருக்கியா?" என்றார். அப்படிக் கேட்டாலே விஷயம் தெரிந்துவிடும் இல்லையா? ஆனால் எனக்கு நீ தோன்றவே இல்லை. யார் யாரையோ நினைத்தேன். வயதானவர்கள், நோயில் கிடப்பவர்கள் எல்லாரும் வந்து போனார்கள். கடைசிவரை நீ வரவில்லை. உன் பெயரைச் சொன்னார். நான் "எந்த சேகர்?" என்று கேட்டேன்.

உன்னை வழியனுப்ப நான் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. பச்சை உடம்புக்காரி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று விடவில்லை. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது, விட்டுவிட்டுப் போகவும் கூடாது என்றார்கள். என் நாத்தனார் ஜெயா அக்காதான் தம்பின் ஊரிலிருந்து வந்து எனக்குப் பத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாசல் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். நான் கத்தியது அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கும்.

சித்தப்பா மகன் கைப்பேசியில் வீடியோ பிடித்துக் காட்டினான். அவன் கை நடுங்கியதில் தோட்டத்து வீட்டின் தகரக் கூரையும் நாற்காலிக் கால்களும் யாருடையதோ செருப்பும்தான் தெரிந்தன. உன் முகத்துக்கு வருவதற்குள் படம் நின்றுபோனது. உங்கள் கோலா சாவா தோட்டத்தில் எப்போது ஒழுங்காக லைன் கிடைத்திருக்கிறது? நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது மருத்துவமனை வார்டில்தான்.

அன்று நடந்தது உனக்கும் நினைவிருக்கும். கவின் கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தான். கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது நம்மவர்கள் பேச்சு. மாமன் பிள்ளையை நேராகப் பார்க்கக் கூடாது. கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் முகத்தை முதலில் பார்த்துவிட வேண்டும், அப்படிச் செய்தால் தோஷம் கழிந்துவிடும் என்பார்கள். ஜெயா அக்கா நல்லெண்ணெய் வாங்க ஆள் அனுப்பியிருந்தார். அதற்குள் நீ வேலைச் சட்டையோடு வார்டுக்குள் நுழைந்துவிட்டாய்.

"தம்பி, பாக்காதீங்க, எண்ணெ வரட்டும்" என்று ஜெயா அக்கா குறுக்கே வந்து நின்றார். நீ அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாய். "நான் நாள் பூரா எண்ணெப் பழத்தோடதான்க்கா கெடக்கேன். லாரி நெறைய எண்ணெதான் வெளிய நிக்குது. வேணும்னா புள்ளைய அங்க தூக்கிட்டு வாங்க, பாக்குறேன்" என்றாய். பக்கத்துக் கட்டில்காரிகூடச் சிரித்தாள். பிறகு குனிந்து அவன் நெற்றியை முகர்ந்தாய். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீ போன வாரத்திலேயே அவன் அழ ஆரம்பித்தான்.

சும்மா சிணுங்கல் என்று நினைத்துவிடாதே. பகலெல்லாம் நல்ல பிள்ளை. பால் குடிப்பான், தூங்குவான், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக் கிடப்பான். சாயங்காலம் வெயில் இறங்கியதும் முகம் சிவந்து, இரண்டு கையையும் முஷ்டி பிடித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுவான். பால் வேண்டாம், தொட்டில் வேண்டாம், தோள் வேண்டாம். வயிறு கல்லாக இருக்கும். கொஞ்சம் நிறுத்துவான், விசும்புவான், மறுபடி முதலிலிருந்து. விளக்கு வைத்து, உன் மாப்பிள்ளை ரயிலிலிருந்து இறங்கி வீடு வந்து சேரும்வரை நடக்கும். யாரோ கிள்ளிவைத்தது போல அழுவான். யார் கிள்ளினார்கள் என்று நானும் தேடாத இடமில்லை.

செய்யாத வைத்தியமும் இல்லை. ஓம வாட்டர் கொடுத்தோம். ஜெயா அக்கா வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினார். தொப்புளைச் சுற்றிக் காற்றுத் தைலம் பூசினார். தைலப் புட்டியைத் திறந்ததும் வந்த வாசனை எனக்குக் குமட்டியது. அன்று காலை நீ நெஞ்சில் தேய்த்துக்கொண்ட அதே தைலம். குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டதில் பிள்ளை இருமினான், அழுகை இன்னும் கூடியது. மிளகாய் சுற்றிப் போட்டார். கோயிலிலிருந்து கறுப்புக் கயிறு வந்தது. அவன் எதற்கும் மசியவில்லை. அந்தப் பிடிவாதம் உன்னுடையதுதான்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஜெயா அக்கா போய் வந்தார். அன்று சாயங்காலம் பிள்ளை கத்திக்கொண்டிருக்க, சமையலறையில் யாரிடமோ கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளையின் சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்ததால் எனக்கும் நன்றாகவே கேட்டது. "என்னா செய்ய சொல்றீங்க? மாமன முழுங்கிட்டுல்ல பொறந்திருக்கு. அவரு வந்து நிக்கிறாரு போல, புள்ள கண்ணுக்குத் தெரியுது, அதான் அப்படி அழுவுது. எல்லாரும் அங்க அதத்தான் பேசிக்கிறாங்க."

எல்லாரும். காரியத்துக்கு வந்து, இலையில் சாப்பிட்டு, கைகழுவிய எல்லாரும் என் பிள்ளையைப் பற்றி அதைத்தான் பேசியிருக்கிறார்கள். சமையலறைக்குள் போனேன். சட்டி முழுக்கப் பூண்டுக் குழம்பு இருந்தது. அப்படியே எடுத்துத் தொட்டியில் கொட்டினேன். "அக்கா, நாளைக்கே கெளம்பிருங்க" என்றேன். ஜெயா அக்கா வாயைத் திறந்தபடி நின்றார். அவர் கெட்டவர் இல்லை, அண்ணே. எனக்காகத் தன் வீட்டைப் போட்டுவிட்டு வந்தவர். பொழுது விடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி போனார். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. போய்க் கேட்பேன்.

அதன்பிறகு சாயங்காலங்களில் நானும் அவனும் மட்டும்தான்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஜெயா அக்காவைத் துரத்திவிட்டேனே தவிர அந்த வார்த்தையைத் துரத்த முடியவில்லை. ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவன் நீலம் பாரித்துப்போகும் அளவுக்குக் கத்தினான். தூக்கி எதிரே பிடித்து அவன் முகத்தைப் பார்த்தேன். நீதானா, என் அண்ணனை நீதானா என்று ஒரு நினைப்பு வந்தது. நான் பெற்ற பிள்ளை. என் கை இரண்டும் அவன் விலாவைப் பிடித்திருந்தன. அந்தக் கைகள் இறுகுவதை நான் பார்த்தேன். உலுக்கிவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது.

தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வெளியே ஓடினேன். கார் நிறுத்தும் இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே அவன் அழுகிறான், வெளியே மழை கொட்டுகிறது, நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாய்க்குட்டியைக்கூட அடிக்காத கை இது. இப்படியும் ஆகுமா ஒருத்தி? கொஞ்சம் மூச்சு வந்ததும் உள்ளே போய் அவனைத் தூக்கினேன். இன்னும் அழுகைச் சத்தம் கேட்டது. அவனுடையதா, என்னுடையதா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அரசாங்கக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த நர்ஸ் மிஸி ஒரு மலாய்க்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். எடை போட்டார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எத்தனை முறை ஈரம் செய்கிறான் என்று கேட்டார். பிறகு சிரித்த முகத்தோடு, ஒன்றுமில்லை, காற்றாக இருக்கும் என்றார்.

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம். "எங்க அண்ணனுக்கும் காத்துன்னுதான் நெனச்சோம். அவரு லாரியிலயே செத்துப் போயிட்டாரு" என்று பாதி மலாயிலும் பாதி தமிழிலும் கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மிஸி திடுக்கிட்டுப்போனார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கவினின் துணி முழுவதையும் கழற்றி, காது, வாய், தொடை இடுக்கு, கால் விரலில் முடி எதுவும் சுற்றி இறுக்கியிருக்கிறதா என்பதுவரை மறுபடி முதலிலிருந்து பார்த்தார். டாக்டரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அப்புறம் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இதற்குப் பெயர் கோலிக் என்றார். காற்று என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டேன், உண்மையில் ஏன் வருகிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது என்றார். ஒரு மிஸி தெரியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நல்ல ஆரோக்கியமான பிள்ளைதான் இப்படி அழும். மற்ற நேரத்தில் பால் குடிக்கிறான், எடை ஏறுகிறான், அதுதான் அடையாளம். பிறந்து சில வாரத்தில் தொடங்கும், ஏறும், பிறகு மூன்று நான்கு மாதத்தில் தானாகவே போய்விடும் என்றார். காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, இதில் எது வந்தாலும் யோசிக்காமல் மருத்துவமனைக்கு ஓடு, அது கோலிக் இல்லை என்றும் சொன்னார். அதை நான் மூன்று தரம் திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

வசம்பு, தைலம், சாம்பிராணி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். இத்தனை சின்ன உடம்புக்குத் தைலம் ஆபத்து, புகை நெஞ்சுக்கு ஆகாது, தாய்ப்பாலைத் தவிர வாயில் எதுவும் வேண்டாம். பால் கொடுத்ததும் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் எடுக்க வேண்டும். அழும்போது முன்கைமேல் குப்புறக் கிடத்தி, தலை முழங்கை மடிப்பில் இருக்கும்படி பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கலாம். இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டலாம். காற்றாடிச் சத்தம் சில பிள்ளைகளுக்குப் பிடிக்குமாம். தூங்கவைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான்.

மழையில் வெளியே ஓடியதையும் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீ செய்ததுதான் சரி, பிள்ளையை ஒருபோதும் உலுக்கக் கூடாது, உள்ளே மூளை கலங்கிப்போகும், தாங்க முடியாவிட்டால் பத்திரமாகக் கிடத்திவிட்டுக் கொஞ்ச நேரம் தள்ளிப் போ, அழுது எந்தப் பிள்ளையும் குறைந்துபோகாது என்றார்.

கொடி சுற்றிய கதையையும் சொன்னேன். புரியாமல் என்னைப் பார்த்தார். "கொடி சுத்தின புள்ளைங்க எங்ககிட்ட அடிக்கடி பொறக்குது. அப்படின்னா இந்த ஊர்ல ஒரு மாமாகூட மிச்சம் இருக்க மாட்டாங்களே" என்றார் மலாயில். நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே அவரோடு சிநேகமாகியிருப்பாய்.

கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார். சாயங்காலம் உன்னோடு வீட்டில் யார் இருக்கிறார்கள்? நான் கவினைக் காட்டினேன். தனியாக இதைச் செய்யாதே, கை மாற்ற ஒரு ஆள் வேண்டும் என்றார். அம்மா இல்லை, அப்பா இல்லை, நீ இல்லை. ஜெயா அக்காவை நானே அனுப்பிவிட்டேன். கை மாற்ற யாரிடம் போய் நிற்பேன்?

அண்ணியை நினைக்காமல் இல்லை. நினைக்கப் பயந்தேன். நீ போனதிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. சாவு வீட்டில் அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல் மாதிரி இருந்தார் என்று சொன்னார்கள். உங்களுக்கென்று ஒரு பிள்ளையும் இல்லை. அந்த எல்லாரில் அவரும் ஒருவராக இருந்தால் அதற்குமேல் எனக்குப் போக்கிடம் இல்லை. எனக்கு வேறு யார் என்ன பேசினாலும் சரி, அண்ணே. அண்ணி அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதுதான் என் உயிரைத் தின்றுகொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில், அழுகை உச்சத்தில் இருந்தபோது, வாசலில் உன் மோட்டார் சத்தம் கேட்டது. சைலன்சர் ஓட்டையான அந்தப் படபடப்பு வேறு எதற்கும் இல்லை. ஒரு நொடி, முழுசாக ஒரு நொடி, நீ வந்துவிட்டாய் என்று நினைத்தேன். பிள்ளையோடு வாசலுக்குப் போய்ப் பார்த்தால், உன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அண்ணி நிற்கிறார்.

இரும்புக் கதவுக்கு வெளியிலேயே நின்றார். "வெளக்கு வெச்சிட்டியா?" என்று கேட்டார். தாலி இறங்கிய பெண் விளக்கு வைக்கும் நேரத்தில் கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் கால் வைக்கக் கூடாதாம். கணக்காகக் கடைப்பிடிக்கிறார்கள். "உள்ள வாங்கண்ணி" என்றேன். அவர் காலை எடுத்து வைக்கவில்லை. கண் பிள்ளைமேலேயே இருந்தது. "அவன இப்படிக் குடு" என்றார்.

என் கை நீளவில்லை. அண்ணி அதைப் பார்த்துவிட்டார். "பயப்படாத புவனா. நான் ஒண்ணும் செஞ்சிற மாட்டேன்" என்றார். யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது எனக்கு. கதவைத் திறந்து பிள்ளையை அவர் கையில் வைத்தேன்.

அவருக்குத் தூக்கத் தெரியவில்லை. தட்டில் எதையோ ஏந்துவது போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். மிஸி காட்டியபடி முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையை முழங்கை மடிப்பில் வைத்துக் கொடுத்தேன். கவின் நிறுத்துவானா? இன்னும் பலமாக வீறிட்டான். அண்ணி கூடத்தில் நடந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு சத்தம் வந்தது. அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. பிள்ளையின் குரலுக்கு மேலே அவர் குரல் எழுந்தது. இரண்டு பேரையும் எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், பின்னாலேயே நடந்தேன். நடந்துகொண்டே நானும் அழுதேன்.

கவின் முதலில் ஓய்ந்தான். எங்களால் என்று சொல்ல மாட்டேன். மிஸி கேட்டால் சிரிப்பார். அவன் நேரம் முடிந்திருக்கும். தூங்கிவிட்டவனைப் படுக்கவைத்துவிட்டுத் தேத்தண்ணீர் போட்டேன். அண்ணி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "அங்க அழ முடியல புவனா. வாயத் தெறந்தா ஆளுக்கு ஆளு தண்ணி குடுக்குறாங்க, போதும் போதும்ங்கிறாங்க. இவன்கிட்ட யாரும் போதும்னு சொல்ல முடியல பாரு" என்றார்.

கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அண்ணி, நீங்களும் அப்படி நெனச்சீங்களா?"

"நெனச்சேன்" என்றார். தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்தார். "பொய் சொல்ல மாட்டேன். நெனச்சிக்கிட்டேதான் வந்தேன். என் புருஷன முழுங்குன மொகம் எப்படி இருக்குன்னு ஒரு தடவ பாத்துறணும்னுதான் வந்தேன்."

கோப்பையோடு எழுந்துவிட்டேன். அண்ணி அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"வந்து பாத்தா வாயப் பொளந்துகிட்டு அழுவுறான். ஒத்த பல்லு இல்ல. குடிச்ச பாலையே உள்ள வெச்சிக்கத் தெரியல, தோள்ல கக்கிட்டான். இவனா லா அவ்ளோ பெரிய ஆள முழுங்குனான்?"

உன் உடம்பு எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் ஒரே நேரத்தில் வந்து நின்றது. முன் சீட்டு முழுவதையும் நீயே அடைத்துக்கொள்வாயே. யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. பிள்ளை எழுந்துவிடுவான் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரிப்பு நின்றதும் இரண்டு பேருக்கும் பயமாகிவிட்டது. நீ போய் இத்தனை நாளில் சிரித்துவிட்டோமே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய்தானே?

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலை வேலை முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, அவன் அழும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார். துக்கம் முடியாத பெண் தினமும் மோட்டாரில் எங்கே போகிறாள் என்று தோட்டத்தில் கேட்டார்களாம். "ஒரு ஆள் அழுவுறாரு, கூட உக்கார போறேன்னு சொன்னேன்" என்றார். அவர் கைக்குப் பிள்ளை பழகினான். ஒருவர் நடந்தால் ஒருவர் உட்காருவோம். அழுகையை நிறுத்தப் பார்ப்பதை நான் விட்டேன். அழுகிறவனைத் தனியே விடக் கூடாது, அவ்வளவுதான் எங்கள் வேலை என்று ஆயிற்று. சில நாள் அண்ணியும் அழுவார், சில நாள் உன்னைத் திட்டுவார். நன்றாகவே திட்டுகிறார், அண்ணே. உனக்குத் தேவைதான்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நேற்றுச் சாயங்காலம் அவன் அழவில்லை. இரண்டு மூன்று நாளாகவே குறைந்துகொண்டு வந்தது; நேற்று சுத்தமாக இல்லை. பாயில் மல்லாக்கக் கிடந்து சுற்றும் காற்றாடியைப் பார்த்து என்னவோ பேசிக்கொண்டிருந்தான். எனக்கு நம்ப முடியவில்லை. வீடு வேறு யாருடைய வீடோ போல இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து, எப்போது ஆரம்பிப்பான் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

உன் மோட்டார் சத்தம் வந்து நின்றது. அப்புறம் அது கீழே விழுகிற சத்தம். ஸ்டாண்டு போடாமல் அப்படியே விட்டுவிட்டு அண்ணி ஓடிவருகிறார். செருப்புக் காலோடு கூடத்துக்குள் வந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. "ஏன் சத்தமே இல்ல? புவனா, ஏன் சத்தமே இல்ல? என்னாச்சு அவனுக்கு?"

பாயைக் கைகாட்டினேன். அண்ணி குனிந்தார். கவின் காற்றாடியை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பொக்கை வாய் முழுவதும் விரியச் சிரித்தான். என்னைப் பார்த்துக்கூட இன்னும் அப்படி ஒரு சிரிப்பு சிரிக்கவில்லை.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் மூச்சு வாங்கினார். "முடிஞ்சிருச்சா?" என்றார்.

"முடிஞ்சிருச்சு போலண்ணி. மிஸி சொன்ன மாதிரி தானா போயிருச்சு."

"நல்லது" என்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. பிள்ளையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். "அப்போ நாளைலேர்ந்து நான்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நாளையிலிருந்து வருவதற்கு ஒரு காரணம் இல்லாமல் போய்விட்டதே என்று அவர் முகம் சொன்னது. நீ போன அன்று எல்லாரும் அவரிடம் எதிர்பார்த்தார்களே, அந்த முகத்தை நான் நேற்றுத்தான் பார்த்தேன்.

"நாளைக்கு சீக்கிரமா வாங்கண்ணி" என்றேன். "இனிமே அழுவுறவனுக்கு இல்ல. சிரிக்கிறவனுக்கு ஆள் வேணும். நான் வேலைக்குப் போவணும், இவன யாருகிட்ட விடுவேன்?"

அண்ணி என்னைப் பார்த்தார். "என்கிட்டயா? நெசமாவா? என்கிட்ட விடுவியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது நான் அவனைத் தூக்கி அவர் மடியில் போட்டுவிட்டு, விழுந்து கிடந்த மோட்டாரை நிமிர்த்தப் போனேன். அங்கே நின்று அழுதேன். உள்ளே இரண்டு பேரும் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணே, ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கவின் காதுபட எவரும் அந்த வார்த்தையைச் சொல்ல விட மாட்டேன். சொன்னவர் யாராக இருந்தாலும் குழம்புச் சட்டியோடு நிற்பேன். மாமா எப்படிச் செத்தார் என்று அவன் கேட்கும் வயதில், நெஞ்சு வலியைச் சொல்லாமல் வேலைக்குப் போனார் என்று சொல்வேன். அவன் பிறந்த அன்று எதற்கும் பயப்படாமல் குனிந்து அவன் நெற்றியை முகர்ந்தார் என்றும் சொல்வேன். அவன் முதலில் கற்றுக்கொள்ளும் வார்த்தை அத்தை என்பதாக இருக்கட்டும். அம்மா என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவது இடம் போதும்.

உன்மேல் இன்னும் கோபம் தீராத தங்கச்சி,
உன் மருமகனைப் பெற்றவள்,
புவனேஸ்